கல்லைக் காட்டுகிறார்கள், கையை மறைக்கிறார்கள்!

இங்கிலாந்தின் மேற்குக் கரையில், மெர்சி நதி கடலில் கலக்கும் இடத்தில், லிவர்பூல் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. ஒரு காலத்தில் பல தேசத்துப் பஞ்சும் அங்கே போய்த்தான் விலை பேசப்பட்டது. இன்று அந்த நகரத்துக்குக் கப்பலில் சரக்கு வருவதோடு, வேடிக்கை பார்க்கும் கூட்டமும் வருகிறது. டிக்கெட் வாங்கினால் போதும். வழிகாட்டி முன்னே நடப்பார், கூட்டம் பின்னே போகும். படகில் ஏற்றி ஆற்றிலிருந்து துறைமுகத்தைக் காட்டுவார்கள். பழைய கிட்டங்கிகளைக் காட்டுவார்கள். பீட்டில்ஸ் என்ற பிரசித்தி பெற்ற பாட்டுக் குழுவினர் வாழ்ந்த வீடுகளைப் பஸ்ஸில் கொண்டுபோய்க் காட்டுவார்கள்.

"சீமையில் நடக்கும் இந்த வேடிக்கையைப் பற்றி மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் எழுதி என்ன பயன்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். பயன் இருக்கிறது. ஊர் பார்ப்பது குற்றமல்ல. சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று தொழிலாளி வர்க்கம் உலகமெங்கும் போராடியதே, மனிதன் மெஷினாக இருக்கக் கூடாது, அவனும் நாலு இடம் போய் நாலு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால், நாலு இடத்தைக் காட்டுகிறவன் யார்? அவன் எதைச் சொல்கிறான், எதை விழுங்குகிறான்? உழைப்பு நடந்த இடம் வேடிக்கைப் பொருளாக மாறும்போது, உழைத்தவன் கதை என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்கு லிவர்பூல் நல்ல பாடம்.

மண்ணுக்கு அடியில் ஒரு கணக்கு

லிவர்பூலின் நடுவே ஒரு மாபெரும் கடைவீதி வளாகம் இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பத்துக் கம்பெனி கட்டி, 2008-ல் திறந்தது. அதன் அடித்தளத்துக்குக் கீழே ஒரு பழைய கப்பல் துறையின் செங்கல் சுவர் புதைந்து கிடக்கிறது. 1715-ல் திறந்த துறை அது. கடல் ஏறினாலும் வற்றினாலும் வாணிபக் கப்பல்கள் உள்ளே மிதந்தபடி சரக்கு இறக்கும் வகையில், கதவு போட்டு நீரைத் தேக்கிய துறைகளில் உலகிலேயே அதுதான் முதலாவது. 1826-ல் அதை மூடினார்கள். 2001-ல் தோண்டியபோது சுவர் வெளிப்பட்டது. 2010 முதல் வழிகாட்டியோடு பயணிகளை இறக்கிக் காட்டினார்கள்.

அந்தத் துறையை அமைத்த எஞ்சினீயர் தாமஸ் ஸ்டீர்ஸின் திறமை மெச்சத் தக்கதுதான். ஆனால் அந்தத் துறையால் வளர்ந்த வியாபாரம் என்ன? காரல் மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் அதற்கு ஒரு கணக்கு தருகிறார். லிவர்பூலிலிருந்து அடிமை வியாபாரத்துக்குப் புறப்பட்ட கப்பல்கள்: 1730-ல் 15. 1751-ல் 53. 1760-ல் 74. 1770-ல் 96. 1792-ல் 132!

துப்பாக்கியும் துணியும் ஏற்றிக்கொண்டு கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்கும். சங்கிலி போட்டு அடுக்கி, அட்லாண்டிக் கடலைத் தாண்டி அவர்களைக் கரும்புத் தோட்டங்களுக்கு விற்கும். அங்கிருந்து சர்க்கரையும் புகையிலையும் பஞ்சும் ஏற்றிக்கொண்டு லிவர்பூலுக்குத் திரும்பும். ஒரே சுற்றில் மூன்று லாபம்! இப்படி லிவர்பூல் கப்பல்கள் கொண்டுபோன ஆப்பிரிக்க மக்கள் சுமார் 15 லட்சம் பேர்.

1781-ல் 'சோங்' என்ற கப்பலில் நடந்ததைக் கேளுங்கள். லிவர்பூல் வியாபாரிகளின் கப்பல் அது. தண்ணீர் போதவில்லை என்று சொல்லி, சுமார் 130 பேரை உயிரோடு கடலில் தள்ளினார்கள். முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? "எங்கள் சரக்கு நஷ்டமாகிவிட்டது" என்று இன்ஷூரன்ஸ் பணம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள்! 1783-ல் நடந்த அந்த வழக்கு சரக்கு வழக்காகவே நடந்தது. கொலைக்காக ஒருவனும் தூக்கு மேடை ஏறவில்லை.

1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. 1833-ல் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. சட்டத்தோடு 2 கோடி பவுன் நஷ்டஈடும் வந்தது. யாருக்கு? முதுகில் சவுக்கடி பட்டவனுக்கு ஒரு செப்புக் காசு இல்லை. அடித்த எஜமானனுக்கு 2 கோடி! அந்தப் பணத்துக்காகச் சர்க்கார் வாங்கிய கடனை 2015-ல்தான் அடைத்து முடித்தார்கள். அதுவரை பிரிட்டிஷ் உழைப்பாளி கட்டிய வரியில் அதற்கும் ஒரு பங்கு போயிற்று.

கூலிக் கப்பலின் பிறப்பு

நஷ்டஈடு வாங்கியவர்களில் ஒருவர் லிவர்பூல் வியாபாரி ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தகப்பனார். 2,508 அடிமைகளுக்காக அவர் பெற்ற தொகை 1,06,769 பவுன்.

பணம் கைக்கு வந்தது. தோட்டத்தில் வேலை செய்ய ஆள்? கல்கத்தாவிலிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றுக்கு 1836-ல் கிளாட்ஸ்டன் கடிதம் எழுதினார். 1838-ல் 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்களில் 396 இந்தியர்கள் பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களில் போய் இறங்கினார்கள். அடிமைக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலி! சங்கிலிக்குப் பதிலாகக் கைநாட்டு!

அந்த வழியே பிறகு எத்தனை கப்பல்கள்! 1845-லிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கயானாவுக்கு ஆள் ஏற்றினார்கள். 1860-ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கூலிகளைக் கொண்டுபோயிற்று. கடனுக்கும் பஞ்சத்துக்கும் தப்பிக் கப்பலேறிய நம் கிராமத்துச் சேரி மக்களின் கண்ணீருக்கும், லிவர்பூல் கனவான்களின் மாளிகைகளுக்கும் சம்பந்தம் உண்டு. மாளிகையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவன் பாதிக் கதையைத்தான் பார்த்தவன்.

பஞ்சுப் பேலும் பட்டினியும்

மில் தோழர்களுக்கு இன்னும் நெருக்கமான கதை பஞ்சு. அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பஞ்சு லிவர்பூலில் இறங்கி, அங்கிருந்து மான்செஸ்டரைச் சுற்றியிருந்த லங்காஷயர் மில்களுக்குப் போயிற்று. இரண்டு ஊர்களையும் இணைத்து 1830-லேயே ரயில் ஓடியது. நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்தியும் தூத்துக்குடியில் கப்பலேறி லிவர்பூல் சந்தைக்குப் போனது. 'டின்னவெல்லி' என்பது அங்கே ஒரு ரகத்தின் பெயர். இன்றும் நாடு விட்டு நாடு போகும் பஞ்சில் பெரும்பகுதி, லிவர்பூலில் தலைமையகம் வைத்திருக்கும் சர்வதேசப் பஞ்சு சங்கத்தின் விதிகளின்படியே ஒப்பந்தமாகிறது.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம். அடிமைமுறையைக் காப்பாற்றத் தென் மாகாணங்கள் துப்பாக்கி தூக்கின. வட மாகாணங்கள் தெற்கின் துறைமுகங்களை அடைத்தன. லங்காஷயருக்குப் பஞ்சு வரவில்லை. மில்கள் நின்றன. தொழிலாளி குடும்பங்கள் கஞ்சித் தொட்டிக்கு வரிசை நின்றன. இந்தியப் பருத்திக்குத் திடீரென்று விலை ஏறியது. யுத்தம் முடிந்ததும் விழுந்து, பலரையும் குழியில் தள்ளியது.

அந்த நாளில் யார் யார் எந்தப் பக்கம் நின்றார்கள்? லிவர்பூல் பஞ்சு வியாபாரிகளில் பெரும்பாலோர் அடிமை எஜமானர்களின் பக்கம். எதிர்க்கரை பிர்க்கன்ஹெட்டில், லெயர்டு கம்பெனிப் பட்டறையில் தென் மாகாணங்களுக்காக 'அலபாமா' என்ற போர்க்கப்பல் 1862-ல் கட்டப்பட்டது. அதே 1862 டிசம்பர் 31-ந் தேதி மான்செஸ்டரில் உழைப்பாளிகள் கூட்டம் போட்டார்கள். வயிறு காய்ந்த மில் தொழிலாளிகள் அங்கே தீர்மானம் போட்டு, அடிமைமுறையை ஒழிக்க ஆதரவு தெரிவித்து ஆபிரகாம் லிங்கனுக்கு அனுப்பினார்கள். 1863 ஜனவரியில் லிங்கன் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்.

கடல் கடந்த ஒரு கறுப்புத் தோழனின் விடுதலைக்காகத் தன் அடுப்பு அணைந்தாலும் பொறுத்துக்கொண்டவன் மில் தொழிலாளி! இதைவிடக் காட்டத் தகுந்த காட்சி வேறென்ன இருக்கிறது?

தோளைத் தட்டினால் வேலை

பயணிகள் தவறாமல் போகும் இடம் ஆல்பர்ட் டாக். 1846-ல் திறந்த துறை. மரமே இல்லாமல் செங்கல், கல், இரும்பால் கட்டிய கிட்டங்கிகள் சுற்றிலும் நிற்கின்றன. தீப் பிடிக்காது என்பது பெருமை. சரக்குக்கு இவ்வளவு பத்திரம்! சரக்கைச் சுமந்தவனுக்கு?

டாக் தொழிலாளிக்கு நிரந்தர வேலை கிடையாது. காலையிலும் மதியத்திலும் அவன் கூட்டத்தில் போய் நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து தோளைத் தட்டினால் அரைநாள் வேலை. தட்டாவிட்டால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும். நம் ஊர்களில் விடியற்காலையில் முச்சந்தியில் காத்து நிற்கும் கொத்தனாரையும் சித்தாளையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த முறை 1967 வரை நீடித்தது.

லிவர்பூல் தொழிலாளர்களிடையே இன்னொரு நோயும் இருந்தது. கத்தோலிக்கன் ஒரு பக்கம், பிராட்டஸ்டன்ட் ஒரு பக்கம். 1909-ல் பெரும் கலவரமே நடந்தது. அடித்துக்கொண்டவர்கள் இருவருமே கூலிக்காரர்கள். கை தட்டியவர்கள் முதலாளிகள். சாதியைச் சொல்லி நம்மைப் பிரிக்கிறவர்களின் வித்தை சீமையிலும் உண்டு!

இரண்டே வருஷத்தில் என்ன நடந்தது? 1911 ஜூனில் கப்பல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். டாக் தொழிலாளரும் ரயில்வே தொழிலாளரும் சேர்ந்தார்கள். இரு மதத்தாரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் மான் தலைமை தாங்கினார். ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தின் முன்னே சுமார் 80,000 பேர் திரண்டார்கள். போலீஸ் குண்டாந்தடியோடு பாய்ந்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு மண்டை உடைந்தது. ஆகஸ்ட் 15-ல் பட்டாளம் சுட்டு, ஜான் சட்கிளிஃப், மைக்கேல் பிரெண்டர்காஸ்ட் என்ற இருவர் மாண்டார்கள். அப்போது உள்துறை மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில். மெர்சி நதியில் 'ஆன்ட்ரிம்' என்ற போர்க்கப்பல் வந்து நின்றது. சொந்த நாட்டுத் தொழிலாளிக்கு எதிராகப் பீரங்கி!

இன்று அந்த மண்டபத்தின் தூண்களின் அழகைப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். படம் பிடிக்கட்டும். அந்த வாசலில் சிந்திய ரத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. இரண்டாவது மகாயுத்தத்தில் குண்டுகளுக்கு நடுவே பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்தவர்கள் சீனக் கப்பல் தொழிலாளர்கள். யுத்தம் முடிந்ததும், 1945-46-ல், சர்க்கார் ரகசியமாக முடிவு செய்து சுமார் 2,000 பேரை லிவர்பூலிலிருந்து சீனாவுக்குத் திருப்பி அனுப்பியது. அவர்களில் சிலருக்கு அங்கேயே மனைவி மக்கள் இருந்தார்கள். கணவன் எங்கே போனான் என்று தெரியாமலே அந்தப் பெண்கள் காலம் தள்ளினார்கள். அப்பன் விட்டு ஓடிவிட்டான் என்றே நம்பிப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கட்டாயப்படுத்தித்தான் அனுப்பினோம் என்பதைச் சர்க்காரின் அறிக்கை ஒப்புக்கொண்டது 2022-ல்! பிள்ளைகளுக்கு எழுபது வயதைத் தாண்டிய பிறகு!

வேலிக்குப் பின்னால் இருக்கும் துறைமுகம்

ஆல்பர்ட் டாக் 1972-ல் மூடப்பட்டது. பெரிய கண்டெய்னர் கப்பல்கள் நகரத்துக்கு வடக்கே சீஃபோர்த்துக்குப் போயின. ஆயிரக்கணக்கானவர்களின் வேலை போயிற்று. 1981-ல் டாக்ஸ்டெத் பகுதியில் வேலையற்ற இளைஞர்களின் கோபம் வெடித்தது. அப்போது தாட்சரின் நிதி மந்திரி, அந்த நகரத்துக்குப் பணம் கொட்டுவது வீண், மெல்லத் தேயவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தார். 30 வருஷத்துக்குப் பின், 2011 கடைசியில், அந்தக் காகிதங்கள் வெளியே வந்தன. கிட்டங்கிகளில் மட்டும் ஓட்டலும் கடையும் சித்திரக் கூடமும் வந்தன. உழைப்பு போயிற்று, வேடிக்கை வந்தது.

துறைமுகம் செத்துவிட்டதா? இல்லை. வேலிக்குப் பின்னால் அது இரவும் பகலும் வேலை செய்கிறது. 1995 செப்டம்பரில் அங்கே ஒரு காண்டிராக்ட் கம்பெனி, ஓவர்டைம் தகராறில் இளம் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் கேட்டில் மறியல் நின்றார்கள். மூத்த தொழிலாளர்கள் அந்த மறியலைத் தாண்டி உள்ளே போக மறுத்தார்கள். மறியல் நின்றவர்களில் பலர் அவர்கள் பெற்ற பிள்ளைகளே! கருங்காலியாக மறுத்த குற்றத்துக்காகச் சுமார் 500 பேரை நிர்வாகம் டிஸ்மிஸ் செய்தது. அனுதாப வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்ற தாட்சர் காலத்துச் சட்டத்தைக் காட்டி, யூனியனின் மேல்தலைமை போராட்டத்தை அங்கீகரிக்கவில்லை.

28 மாதம் போராடினார்கள். அவர்களுடைய பெண்கள் தனி அமைப்புக் கட்டிக் கேட்டுக்கு வந்தார்கள். 1997 ஜனவரியில் பல நாட்டுத் துறைமுகங்களில் தோழமை வேலைநிறுத்தம் நடந்தது. அதே வருஷம் 'நெப்டியூன் ஜேட்' என்ற கப்பலின் சரக்கை இறக்க அமெரிக்காவின் ஓக்லாந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். கனடாவின் வான்கூவரில் மறுத்தார்கள். ஜப்பானிலும் மறுத்தார்கள். உலகத் தொழிலாளிகள் ஒன்றுபடுவது வெறும் கோஷம் என்று சொல்கிறவன் இந்தக் கப்பலின் பயணத்தைப் படிக்கட்டும்! 1998 ஜனவரியில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. ஆனால் அது புதைந்து போகவில்லை. 2022-ல் அதே துறைமுகத்தில் 500-க்கும் மேற்பட்டவர்கள் செப்டம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கி, நவம்பரில் 14.3 முதல் 18.5 சதவீதம் வரை சம்பள உயர்வு வாங்கினார்கள்.

இன்னொரு வழிகாட்டி

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். லிவர்பூலில் வேறு வகை வழிகாட்டிகளும் உண்டு. எரிக் ஸ்காட் லிஞ்ச் என்ற கறுப்பு மனிதர், 2021-ல் இறக்கும் வரை பல பத்தாண்டுகள் அந்த நகரத்தில் இந்த வேலையைச் செய்தவர். அவர் ஆட்களை அழைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பார். டவுன் ஹால் சுவரில் செதுக்கியிருக்கும் ஆப்பிரிக்க முகத்தைக் காட்டுவார். எந்தத் தெருவுக்கு எந்த அடிமை வியாபாரியின் பெயர் என்று சொல்வார். அவரும் அவரைப் போன்றவர்களும் விடாமல் தட்டிய தட்டுதான் கதவைத் திறந்தது. 1999-ல் நகரசபை அடிமை வியாபாரத்துக்காக மன்னிப்புக் கேட்டது. 2007-ல் ஆல்பர்ட் டாக்கிலேயே அடிமைமுறை பற்றிய மியூசியம் வந்தது. அது புதுப்பிப்பு வேலைக்காக 2025 தொடக்கத்தில் மூடப்பட்டது. 2022 முதல் அந்தத் தெருக்களில் உண்மையைச் சொல்லும் பலகைகளை லிஞ்சின் பெயராலேயே நட்டார்கள். டிஸ்மிஸ் ஆன டாக் தொழிலாளிகளும் சும்மா இருக்கவில்லை. தங்கள் கதையைத் தாங்களே டெலிவிஷன் நாடகமாக எழுத உதவி, வந்த பணத்தில் ஒரு கட்டடம் வாங்கி, 2000-த்தில் 'காசா' என்ற கூடத்தைத் திறந்தார்கள்.

இவை எதுவும் மேலேயிருந்து விழுந்த தானமல்ல. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் தாமாக எடுத்துக் காட்ட மாட்டார்கள். கிளறிக் காட்டியவர்கள் உழைப்பாளி மக்களே.

"சுற்றுலாவால் நாலு பேருக்கு வேலை கிடைக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். துறை மூடிய ஊரில் அந்த வேலையும் வேண்டியதே. ஆனால் ஓட்டல் அறை பெருக்குகிற பெண்ணுக்கும், தட்டு எடுக்கிற பையனுக்கும், தினக்கூலி வழிகாட்டிக்கும் நிரந்தரம் உண்டா? சங்கம் உண்டா? தோளைத் தட்டி வேலை கொடுத்த மேஸ்திரியின் இடத்துக்கு இன்று டெலிபோன் செய்தி வந்திருந்தால், அது முன்னேற்றமா? அவர்களும் நம் வர்க்கம். அவர்களையும் சங்கத்தில் சேர்ப்பதே அதற்கு வழி.

நாம் என்ன செய்ய வேண்டும்?

டின்னவெல்லிப் பஞ்சு கப்பலேறிய தூத்துக்குடியிலேயே 1908 பிப்ரவரி 27-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். சில நாட்களில் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்வும் ஞாயிறு லீவும் கிடைத்தன. மார்ச்சில் வ.உ.சி.யைச் சிறையில் அடைத்தார்கள், ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், திருநெல்வேலியில் துப்பாக்கி வெடித்தது. தூத்துக்குடிக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்?

மூடிய மில்லின் புகைபோக்கியைக் காட்டி நாளைக்கு ஒருவன் டிக்கெட் விற்கலாம். முதலாளியின் தாராளத்தையும் மெஷினின் வயதையும் சொல்லுவான். கேட் கூட்டம் நடந்த இடத்தையும், தடியடி பட்ட இடத்தையும், கதவடைப்பு நாளில் கஞ்சி காய்ச்சிய இடத்தையும் சொல்ல மாட்டான். விவசாயத் தொழிலாளி கூலி கேட்டு வரப்பில் நின்ற நாளையும் சொல்ல மாட்டான்.

ஆகவே அந்த வேலை நம்முடையது. ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊரின் மூத்த தொழிலாளர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆண்களை மட்டும் கேட்டால் போதாது. நூல் பிரித்த பெண்களையும், நடவு நட்ட பெண்களையும் கேட்க வேண்டும். எந்த இடத்தில் எது நடந்தது என்று தேதியோடு குறிக்கட்டும். மே தினத்தன்று வாலிபர்களையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடக்கட்டும். டிக்கெட் வேண்டாம், பஸ் வேண்டாம், செங்கொடி ஒன்று முன்னே போனால் போதும்.

அப்பன் எந்த இடத்தில் மறியல் நின்றான் என்று தெரிந்த பிள்ளை, அந்த இடத்தைத் தாண்டிக் கருங்காலியாக உள்ளே போக மாட்டான். கல்லை அவர்கள் காட்டட்டும். கல்லை அடுக்கிய கையை நாம் காட்டுவோம்!